பெயரில் ஒளிவதும் பெயரால் சீண்டுவதும்: அறிவியல் புனைகதை எழுதுபவர்களுக்கான வேலைமுறை

புனைபெயர் வைக்க ஐந்து நிமிடம் போதும். அது உடைகிற நாளில் மானம் போகாமல் இருக்கும்படி வைப்பதுதான் கஷ்டம். உடையும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைக்காரர்கள் நூறாண்டுக்கு அருகில் இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள். எங்கே பூட்டுப் போட வேண்டும், எங்கே திறந்தே விடலாம் என்பதற்கு அவர்களிடம் நல்ல உதாரணங்களும் படுமோசமான உதாரணங்களும் கிடைக்கின்றன.

முதலில் காரணம்

பெயரை யோசிப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: யாரிடமிருந்து ஒளிகிறேன்? பதிலைப் பொறுத்துத்தான் பூட்டின் கனம்.

யாரிடமிருந்தும் இல்லை என்றால் பூட்டே வேண்டாம். அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகையான ‘அஸ்டவுண்டிங்’கின் 1941 மே இதழில் ராபர்ட் ஹைன்லைனின் கதை இரண்டு வந்தது. ஒன்று சொந்தப் பெயரில், மற்றது ஆன்சன் மெக்டொனால்ட் பெயரில். ஒரே இதழில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரியக் கூடாது என்பது அந்தக் காலப் பத்திரிகை நடைமுறை. ஹைன்லைன் இதை ஒரு தரப்படுத்தலாகவும் மாற்றிக்கொண்டார். ஒரே எதிர்கால உலகில் நடக்கும் தன் ‘எதிர்கால வரலாறு’ வரிசையில் சேரும் கதைகளுக்குச் சொந்தப் பெயர், சேராதவற்றுக்கு மெக்டொனால்ட், தனக்கே திருப்தி இல்லாத கதைகளைச் சிறு பத்திரிகைகளுக்கு விற்கும்போது லைல் மன்றோ. கடைக்காரர் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று மூட்டை கட்டுவது மாதிரி.

பெயர்க் குழப்பம்தான் பிரச்சினை என்றாலும் பூட்டு தேவையில்லை. நம் சுஜாதா கதை எல்லோருக்கும் தெரிந்ததே. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருக்க, ஸ்ரீரங்கத்து எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அவர் ஆண் என்பதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. இதே தந்திரத்தை 1934-ல் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் செய்திருக்கிறார், வேறு காரணத்துக்காக. அவர் பெயரைப் பார்த்தாலே வாசகர்கள் கிரகங்கள் மோதி வெடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மெல்லிய, சோகமான ‘ட்வைலைட்’ கதையை அந்தப் பெயரில் விற்க முடியாது. மனைவி டோனா ஸ்டூவர்ட்டின் பெயரை இரண்டாக உடைத்து டான் ஏ. ஸ்டூவர்ட் ஆனார். நடை மாறும்போது பெயர் மாறுவது ஏமாற்றில்லை, வாசகருக்குத் தரும் முன்னறிவிப்பு.

வேலை கொடுத்தவரிடமிருந்து ஒளிவது நடுத்தரப் பூட்டு. சி.எல். மூர் தன் முதற்பெயர்களை எழுத்தாகச் சுருக்கியது பெண் என்பதை மறைக்க என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் வேலை பார்த்த இண்டியானாபொலிஸ் வங்கிக்குப் பக்க வருமானம் தெரியக் கூடாது என்பதுதான் காரணம். பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் பியர்ஸ் (‘டிரான்சிஸ்டர்’ என்ற சொல்லைத் தந்தவர்) ஜே.ஜே. கப்ளிங் என்று எழுதினார். அணு இயற்பியல் படித்தவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் சிரித்திருப்பார்கள், ஜே-ஜே கப்ளிங் என்பது பாடப்புத்தகத்தில் வரும் கலைச்சொல்.

எல்லோரிடமிருந்தும் ஒளிய வேண்டும் என்பவர்கள் மட்டும் கனமான பூட்டு வாங்குங்கள். அது சம்பளமில்லாத முழுநேர வேலை.

பெயரை எங்கிருந்து எடுப்பது

வீட்டுப் பெட்டியே போதும். ஆன்சன் என்பது ஹைன்லைனின் நடுப்பெயர், மெக்டொனால்ட் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், லைல் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஜான் விண்டமுக்கு இன்னும் வசதி. அவருடைய முழுப்பெயர் ஜான் விண்டம் பார்க்ஸ் லூகாஸ் பெனான் ஹாரிஸ். அதை வெட்டி வெட்டியே ஆயுளுக்கும் பெயர் சூட்டிக்கொண்டார். 1959-ல் வந்த ஒரு நூலின் அட்டையில் ஜான் விண்டம், லூகாஸ் பார்க்ஸ் என இரண்டு ஆசிரியர்கள். இரண்டாமவர் தொழில்நுட்ப விஷயத்துக்கு உதவியவர் என்ற பாவனை. தன்னோடு தானே கூட்டுச் சேர்ந்தவர் அவர்!

மொழிபெயர்ப்பது இரண்டாவது வழி. வேதாசலத்தை மறைமலை ஆக்கியும், சூரியநாராயண சாஸ்திரியைப் பரிதிமாற் கலைஞர் ஆக்கியும் பழகிய நமக்கு இது புதிதல்ல. சீனாவில் வளர்ந்த பால் லைன்பார்கருக்கு லின் பை-லோ என்று ஒரு சீனப் பெயர் உண்டு, ‘ஒளிரும் ஆனந்த வனம்’ என்பது போலப் பொருள். அதை ஆங்கிலத்துக்கு இறக்கி ஃபெலிக்ஸ் சி. ஃபாரஸ்ட் என்று இரண்டு நாவல் எழுதினார், ஃபெலிக்ஸ் என்றால் ஆனந்தன். அறிவியல் புனைகதைக்கு மட்டும் கார்ட்வெய்னர் ஸ்மித். உளவியல் போர்முறைக்குப் பாடநூலே எழுதிய மனிதர், ஒளிவதற்கு முறையாகப் பயிற்சி பெற்றவர். பிலிப் கே. டிக் இன்னொரு படி போனார். பிலிப் என்றால் கிரேக்கத்தில் குதிரைப் பிரியன், டிக் என்றால் ஜெர்மனில் தடியன். 1981-ல் வந்த ‘வாலிஸ்’ நாவலில் ஹார்ஸ்லவர் ஃபேட் என்ற பாத்திரமாகத் தானே வந்து உட்கார்ந்துகொண்டார்.

கோபத்திலும் பெயர் பிறக்கும். யூதப் பெயர் விற்காது என்று சொல்லக் கேட்ட ராபர்ட் சில்வர்பெர்க், புராட்டஸ்டன்ட் மதத் தலைவர்கள் இரண்டு பேரின் பெயரை ஒட்டி கால்வின் எம். நாக்ஸ் ஆனார். நடுவில் இருக்கும் ‘எம்’ மோசஸ் என்று பிற்பாடு சொன்னார். முகமூடிக்குள் ஒரு கண்சிமிட்டல் வைத்தால் உடைகிற நாளில் அது ஆசிரியருக்கு மதிப்பாகவே முடியும். இந்த விஷயத்தில் இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

எழுத்துகளை மாற்றிப்போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜான் ஸ்லாடெக் ஹைன்லைனைக் கேலி செய்து எழுதிய கதைக்கு ‘ஹிட்லர் ஐ.ஈ. பானர்’ என்று கையெழுத்துப் போட்டார். ரோமன் எழுத்தில் எழுதிப் பாருங்கள், ராபர்ட் ஹைன்லைன் என்பதன் 14 எழுத்தும் அப்படியே இருக்கும். தமிழில் உயிர்மெய்யைப் பிரித்து மெய்யும் உயிருமாக்கிக் கலைத்தால் சாத்தியங்கள் பெருகிவிடும், ஆனால் ஒரு வாசகரும் கண்டுபிடிக்க மாட்டார். முழு எழுத்துகளாகவே மாற்றிப் போடுங்கள். கவிதா ‘தாகவி’ ஆகலாம், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ரமாவைத் திருப்பினால் ‘மார’ என்று பாதியில் நிற்கும். எல்லாப் பெயரும் வளைந்து கொடுக்காது.

முடிவு செய்யும் முன் நான்கு சோதனை. ஒன்று, ஃபோனில் ஒருமுறை சொல்லி எதிர்முனையில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். ர-ற, ன-ண, ல-ள குழப்பம் வந்தால் பெயரை மாற்றுங்கள். இரண்டு, தமிழிலும் ரோமன் எழுத்திலும் தேடிப் பார்த்து, உயிரோடு இருக்கும் எழுத்தாளர் யாரும் அந்தப் பெயரில் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மூன்று, ரோமன் எழுத்துக்கூட்டல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நூல்பட்டியலில் நீங்கள் மூன்று பேராகப் பிரிந்து கிடப்பீர்கள். நான்காவது பலருக்கும் தெரியாதது: பெயரில் ‘ஸ்ரீ’ வந்தால் அது ஒருங்குறியில் ஸகரத்தைக் கொண்டும் எழுதப்படும், ஶகரத்தைக் கொண்டும் எழுதப்படும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியலாம், ஆனால் பல தேடல்களில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. முடிந்தால் அந்த எழுத்தையே தவிர்த்துவிடுங்கள்.

தாள் வேலை

ஒப்பந்தத்தில் சட்டப்பூர்வமான பெயர்தான் இருக்க வேண்டும். ‘இன்ன புனைபெயரில் வெளியிடப்படும்’ என்று ஒரு வரி சேர்த்து, பதிப்புரிமைப் பக்கத்தில் எந்தப் பெயர் அச்சாகும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். பணம் பான் எண்ணுள்ள பெயருக்குத்தான் வரும், அதில் விளையாட இடமில்லை.

ஸ்டீஃபன் கிங் தன் ரிச்சர்ட் பாக்மன் பெயரை இழந்தது இந்த இடத்தில்தான். நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு புத்தகக் கடை ஊழியர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ப் பதிப்புரிமைப் பதிவுகளைப் புரட்டினார். பெரும்பாலானவை முகவர் பெயரில் இருந்தன. பழைய நாவல் ஒன்றின் பதிவில் மட்டும் கிங்கின் பெயர். 1985-ல் கதை முடிந்தது. ஒன்பது பூட்டைச் சரியாகப் போட்டுப் பத்தாவதை மறந்தால் ஒன்பதும் வீண்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 23-ம் பிரிவையும் கவனியுங்கள். ஆசிரியரின் அடையாளம் வெளிவராத புனைபெயர் நூலுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. அந்தக் காலம் முடிவதற்குள் அடையாளம் வெளியானால், ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இளம் வயதில் எழுதிய நூலென்றால் இந்த வித்தியாசம் சில தலைமுறைக்கு ஆகும். பேரப்பிள்ளைகளை நினைத்தாவது ஒரு கட்டத்தில் வெளியே வருவது நல்லது.

இன்றைய ஓட்டைகள் வேறு. வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தானாகப் பதிவாகும், அனுப்பும் முன் நீக்குங்கள். பகிர்ந்த கூகுள் ஆவணத்தில் கணக்குப் பெயரும் படமும் தெரியும். சன்மானத்துக்கு யுபிஐ எண் கொடுத்தால் எதிர்ப்பக்கம் வங்கியில் உள்ள உங்கள் பெயர் பளிச்சென்று வந்து நிற்கும். புனைபெயருக்கென்று தனி மின்னஞ்சல் வைத்து, அதன் மீட்பு எண்ணாக வீட்டு எண்ணைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பொய் சொல்லாமல் ஒளிவது

கனமான பூட்டுக்குப் பாடம் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர். உளவுத் துறையில் பணியாற்றி, பின் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஆலிஸ் ஷெல்டன் 1967-ல் கடையில் பார்த்த ஒரு ஜாம் பாட்டிலிலிருந்து ‘டிப்ட்ரீ’யை எடுத்தார். ‘ஜூனியர்’ கணவர் சேர்த்தது. வர்ஜீனியாவில் ஓர் அஞ்சல் பெட்டி, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கு, நேரில் யாரையும் சந்திப்பதில்லை, கடிதம் மட்டும். பத்தாண்டு தாக்குப்பிடித்தது.

கடிதங்களில் அவர் சொன்ன வாழ்க்கைக் குறிப்புகள் உண்மையானவை. சிறுவயதில் ஆப்பிரிக்கப் பயணம், போர்க்கால ராணுவ வேலை, எல்லாம் நடந்தவை. பாலினத்தை மட்டும் சொல்லவில்லை. 1975-ல் சில்வர்பெர்க் ஒரு தொகுப்புக்கு முன்னுரை எழுதும்போது, இந்த எழுத்தில் மறுக்க முடியாத ஆண்மை இருக்கிறது என்று எழுதிவைத்தார், பாவம். ரகசியம் உடைந்தபோது ஷெல்டனைப் பொய்காரி என்று சொல்ல இடமில்லாமல் போனதற்கு, உண்மை விவரங்களையே அவர் பயன்படுத்தியது முக்கியக் காரணம்.

உடைந்ததற்கும் அதுவேதான் காரணம். 1976-ல் தாய் இறந்துவிட்டதாக டிப்ட்ரீ நண்பர்களுக்கு எழுதினார். தாய் மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லி பெயர்பெற்ற எழுத்தாளர், பயணி. சிகாகோ நாளிதழின் இரங்கல் குறிப்பில் ஒரே மகள் ஆலிஸ் ஷெல்டன் என்று இருந்தது. ஆகவே விதி இப்படி: பொய் சொல்லாதீர்கள், ஆனால் செய்தித்தாளில் தேதியோடு வரக்கூடிய உண்மையையும் சொல்லாதீர்கள். பிறப்பு, இறப்பு, திருமணம், பதவி உயர்வு, வெள்ளத்தில் வீடு மூழ்கியது, எதுவும் வேண்டாம்.

நடையும் காட்டிக்கொடுக்கும். அறிவியல் புனைகதைக்கு வெளியே 2013-ல் ஜே.கே. ரௌலிங்கின் ராபர்ட் கால்பிரெய்த் பெயர் உடைந்தபோது கணினி ஒப்பீட்டில் பார்த்தவை நான்கு: சொற்களின் நீளம், அதிகம் வரும் 100 சொற்கள், அடுத்தடுத்து வரும் சொல் இணைகள், நான்கு நான்கு எழுத்தான துண்டுகள். கவனியுங்கள், அழகான உவமையை யாரும் தேடவில்லை. தமிழில் உங்களைப் பிடித்துக்கொடுப்பவை ‘தான்’, ‘கூட’, ‘ஆனால்’, ‘என்று’ வகையறா, ஒற்று போடும் பழக்கம், அரைப்புள்ளி, ஒற்றை வரிப் பத்தி. உங்கள் பழக்கம் பத்தைப் பட்டியலிட்டு நான்கை மட்டும் மாற்றுங்கள். பத்தையும் மாற்றினால் எழுத்து மரக்கட்டையாகிவிடும். (அந்த ரகசியத்துக்கு முதல் துப்புக் கிடைத்தது கணினியால் அல்ல, விஷயம் தெரிந்த ஒருவர் வீட்டார் வட்டத்தில் உளறியதால். எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.)

சீண்டல் வணக்கம்

ஒளிவதன் மறுபக்கம் இது: அடுத்தவர் பெயரைக் கதைக்குள் கொண்டுவந்து செல்லமாகச் சீண்டுவது. இங்கே கண்டுபிடிக்கப்படுவதற்காகவே எழுதுகிறோம்.

எளியது டக்கரைசேஷன். சினிமா கொட்டகையில் படம் ஓட்டும் வேலை பார்த்த வில்சன் டக்கர், தன் கதைகளின் சில்லறைப் பாத்திரங்களுக்கு ரசிக நண்பர்களின் பெயரை வைத்தார், அந்தப் பழக்கத்துக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. செய்முறை: சிறிய பாத்திரமாக இருக்கட்டும். நண்பரின் உண்மையான தொழிலையும் ஒரு கெட்ட குணத்தையும் ஒன்றாக ஒட்டாதீர்கள். விண்கலத்தில் லஞ்சம் வாங்கும் பொறியாளருக்கு, நிஜத்திலும் பொறியாளரான நண்பரின் பெயரை வைத்தால் நட்பு மட்டுமல்ல, அவதூறு வழக்கும் யோசிக்க வேண்டியிருக்கும். நம்மூரில் தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும் சேர்ந்தால் ஆள் அடையாளம் முழுதாகிவிடும், ஆகவே ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். சிறுகதையில் இரண்டு பெயருக்கு மேல் போனால் கல்யாணப் பத்திரிகை வாசித்த மாதிரி இருக்கும்.

அடுத்தது கொலை விளையாட்டு. 1935-ல் பதினெட்டு வயது ராபர்ட் ப்ளாக், தான் குருவாக மதித்த திகில் கதைக்காரர் லவ்கிராஃப்டைப் போன்ற ஒரு பாத்திரத்தைக் கதையில் சாகடிக்க விரும்பி அனுமதி கேட்டார். லவ்கிராஃப்ட் சட்டப் பத்திரம் போலவே ஒன்று தயாரித்து, தன்னைச் சித்திரிக்கவும் கொல்லவும் கரைக்கவும் அனுமதி கொடுத்தார். சாட்சிகளாகக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த வட்டத்துக் கதைகளில் வரும் கற்பனை ஆசாமிகள், ‘பைத்தியக்கார அரபு’ அப்துல் அல்ஹஸ்ரத் உட்பட. அடுத்த ஆண்டே ‘தி ஹான்டர் ஆஃப் தி டார்க்’ கதையில் மில்வாக்கியிலிருந்து வந்த ராபர்ட் ப்ளேக் என்பவர் செத்துப்போனார், கதை ப்ளாக்குக்குச் சமர்ப்பணம். குரு மறைந்த பிறகு, 1950-ல் ப்ளாக் மூன்றாவது கதையை எழுதி வரிசையை முடித்துவைத்தார்.

இதில் கற்க இரண்டு விஷயம். அனுமதியே ஒரு நகைச்சுவைத் துண்டாக இருக்கலாம், ஆனாலும் எழுத்தில் இருந்தது. ப்ளாக் ‘ப்ளேக்’ ஆனார், ப்ளாக்காகவே இருக்கவில்லை. இந்த நட்பு எதுவும் தெரியாதவருக்கும் ‘ஹான்டர்’ முழுப் பயமுறுத்தும் கதை. எழுதி முடித்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள், அவர்களில் ஒருவர் விஷயம் தெரியாதவராக இருக்கட்டும். அவர் ஒரு பெயரில் தடுக்கி நின்று ‘இது யாரு?’ என்று கேட்டால் அந்த இடத்தை இழைக்க வேண்டும்.

மூன்றாவது, அடுத்தவர் கதையில் வரும் கற்பனை எழுத்தாளரின் நூலை நிஜமாகவே எழுதுவது. ஆபத்தும் இதில்தான் அதிகம். கர்ட் வானகட்டின் நாவல்களில் கில்கோர் ட்ரவுட் என்றொரு சோர்ந்துபோன அறிவியல் புனைகதைக்காரர் வருவார். அந்தப் பெயரே தியடோர் ஸ்டர்ஜனை நோக்கிய சீண்டல், ஸ்டர்ஜனும் ஒரு மீன், ட்ரவுட்டும் ஒரு மீன். ட்ரவுட் எழுதியதாக வானகட் குறிப்பிட்ட ‘வீனஸ் ஆன் தி ஹாஃப்-ஷெல்’ நூலை ஃபிலிப் ஹோசே ஃபார்மர் அனுமதி வாங்கி எழுதினார். 1975-ல் புத்தகமாக வந்தபோது ஆசிரியர் கில்கோர் ட்ரவுட், பின்னட்டையில் ஒட்டுத்தாடியோடு ஃபார்மர். வாசகர்கள் எழுதியது வானகட்தான் என்று நினைத்தார்கள். வானகட்டுக்கு எரிச்சல், அடுத்த ட்ரவுட் நூலுக்கு அனுமதி இல்லை. அனுமதி கேட்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நூல், அட்டையில் என்ன போடலாம், உண்மையான ஆசிரியர் யார் என்பதை எந்தத் தேதியில் சொல்வது. மூன்றாவதை விட்டால் உங்கள் எழுத்துக்கு வரும் திட்டை அவர் வாங்குவார்.

முதன்முறை முயல்பவர்களுக்கு ஸ்டானிஸ்லாவ் லெம் வழி உகந்தது. 1971-ல் அவர் வெளியிட்ட ஒரு தொகுப்பு முழுக்க இல்லாத நூல்களுக்கான மதிப்புரைகள், முதல் மதிப்புரை அதே தொகுப்பைப் பற்றியது. யாருடைய உரிமையிலும் கை வைக்க வேண்டியதில்லை, நாவல் எழுதும் உழைப்பும் மிச்சம்.

மரியாதையும் முகமூடியும் ஒன்றாகச் சேர்ந்த பெயர் கார்ட்வெய்னர் பேர்ட். ஹார்லன் எலிசன் தன் திரைக்கதையைத் தயாரிப்பாளர்கள் சிதைத்துவிட்டால் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்வார். 1973-ல் ‘தி ஸ்டார்லாஸ்ட்’ தொலைக்காட்சித் தொடரில் அதுதான் நடந்தது. கார்ட்வெய்னர் என்றால் செருப்புத் தைப்பவர், இவர் பறவைக்குச் செருப்புத் தைப்பவர், அதாவது உருப்படாத வேலை. அதே சமயம் கார்ட்வெய்னர் ஸ்மித்துக்கு ஒரு வணக்கம். பின்னால் ஃபார்மர் இந்தப் பேர்டையும் புனைகதை நாயகர்களை உறவுக்காரர்களாக்கித் தான் வரைந்த கற்பனை வம்சாவளியில் ஒரு சொந்தக்காரராகச் சேர்த்துக்கொண்டார்!

பத்திரிகை ஆசிரியரை நம்பி மட்டும் முகமூடி போடாதீர்கள். ஐசக் அசிமோவ் 1947-ல், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கரையும் தயோடிமோலின் என்ற பொருளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை நடையில் ஒரு கேலி எழுதினார். கொலம்பியாவில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நெருங்கியதால் புனைபெயரில் போடும்படி, அப்போது ‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியராக இருந்த கேம்ப்பெல்லிடம் கேட்டார். வந்தது சொந்தப் பெயரில். தேர்வின் கடைசியில் தேர்வாளர் ஒருவர் தயோடிமோலினைப் பற்றியே கேள்வி கேட்டார், அசிமோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பட்டமும் கிடைத்தது. எல்லாத் தேர்வாளரும் அப்படி இருக்க மாட்டார்கள். பெயர் வரியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மெய்ப்புத் திருத்தும்போது மறுபடி பாருங்கள்.

வெளியே வருவது

மெதுவாகக் கழற்றுவதற்கும் அசிமோவே மாதிரி. தொலைக்காட்சிக்காரர்கள் தொடராக எடுத்துக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் 1952 முதல் சிறுவர் நாவல்களை பால் பிரெஞ்ச் பெயரில் எழுதினார். தொடர் வரவே இல்லை. பயம் தீர்ந்ததும் பிந்தைய நூல்களில் தன் ரோபோ விதிகளைக் கொண்டுவந்து வைத்தார், தெரிந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். மறுபதிப்புகளில் சொந்தப் பெயர் வந்தது.

ஒரே நாளில் சொல்வதென்றால் வரிசை முக்கியம். முதலில் புனைபெயரை நம்பி உங்களோடு கடிதம் எழுதியவர்கள், பிறகு பதிப்பாசிரியர், கடைசியில் பொதுவெளி. ஷெல்டனும் விஷயம் பரவும் முன், கடிதத் தோழியான எழுத்தாளர் உர்சுலா லெ குவினுக்குத் தானே எழுதிச் சொல்லிவிட்டார். பழைய அட்டைகளில் உள்ள பெயரை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ‘புனைபெயர் (இயற்பெயர்)’ என்று இரண்டையும் ஒரு பதிப்புக்காவது சேர்த்துப் போட்டால், நூலகப் பட்டியலில் இரண்டு ஆளும் ஒரே ஆளாக இணையச் சுலபமாக இருக்கும்.